சிக்னல் தேர்வுத் தாளிலேயே பிழை இருந்தால் தேர்வறையில் என்ன செய்வது?

கிண்டி வரைமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிண்டியில் ஒரு சிக்னல் வடிவமைப்பு அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 1912-இல் தொடங்கப்பட்டு லண்டனிலிருந்து இயங்கும் ஐஆர்எஸ்இ (ரயில்வே சிக்னல் பொறியாளர்கள்) அமைப்பின் தேர்வுக்காக இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி வகுப்பில் (பெயர் வேண்டாம்) தொண்ணூறு நிமிட மாதிரித் தேர்வு எழுதினேன். அதில் நடந்ததைச் சொல்லி, அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

தாளில் ஓர் இரட்டைப் பாதை நிலையத்தின் வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தது. டவுன் மெயின் லைனிலிருந்து 51-ஆம் பாயிண்டில் (தண்டவாளம் பிரியும் இடம்) பிரிந்து லூப்புக்குள் (பக்கப் பாதை) போகும் பாதை, எஸ்-5 என்ற லூப் ஸ்டார்ட்டரை (லூப்பிலிருந்து புறப்படும் வண்டிக்கான சிக்னல்) கடந்து, 53-ஆம் பாயிண்டில் மீண்டும் மெயின் லைனோடு சேர்கிறது. எஸ்-1 ஹோம் சிக்னலிலிருந்து (நிலையத்துக்குள் நுழையும் வண்டிக்கானது) லூப்புக்கு உள்ள ரூட்டுக்குக் கன்ட்ரோல் டேபிள் எழுத வேண்டும்; அதாவது, வண்டிக்கு வழிவிட எந்தப் பாயிண்ட் எப்படி இருக்க வேண்டும், எந்த டிராக் காலியாக இருக்க வேண்டும் என்ற அட்டவணை. எஸ்-5க்கு அப்பால் 7டி, 9டி என்று இரண்டு டிராக் சர்க்யூட்களின் (பாதையின் ஒரு துண்டில் வண்டி இருக்கிறதா என்று காட்டும் மின்சுற்று) பெயர்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே, இரண்டையும் பிரிக்கும் பிளாக் ஜாயின்ட் (மின்காப்பு இணைப்பு) வரையப்படவே இல்லை. அப்படியானால் ஓவர்லேப்புக்கு (வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டாலும் ஆபத்து வராதபடி அதற்கு அப்பால் காலியாக விடும் தூரம்) எந்த டிராக் வரை காலியாக இருக்க வேண்டும் என்று எழுதுவது? அதோடு, நாம் 120 மீட்டர் என்று படித்திருக்கும் ஓவர்லேப்பைத் தாள் 180 மீட்டர் என்கிறது. இன்னொரு பகுதியில், 110 கி.மீ. வேகத்துக்குச் சிக்னல்களை 700 மீட்டர் இடைவெளியில் வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் அந்தத் தூரத்தில் வண்டி நிற்கவே நிற்காது. வினாவில் ஓரிடத்தில் எஸ்-15 என்று ஒரு சிக்னலைக் குறிப்பிட்டிருந்தார்கள்; வரைபடம் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு சிக்னல் கிடைக்கவில்லை. இப்படி ஆறு பிழைகளை எண்ணினேன்.

இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. கடைசியில், 7டிக்கும் 9டிக்கும் இடையே எனக்குச் சரியென்று தோன்றிய இடத்தில் நானே ஒரு ஜாயின்ட்டை வரைந்து, அதன்படி டேபிளை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். திருத்தி வந்த தாளில் அந்த வரிசைக்கு மதிப்பெண் இல்லை. ஜாயின்ட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதியிருந்தார்கள். பிழை அவர்களுடையது, மதிப்பெண் போனது எனக்கு என்பதுதான் மனத்தாங்கல்.

உண்மையான தேர்விலும் இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? பிழை தாளில் இருக்கிறதா, என் தலையில் இருக்கிறதா என்பதை அங்கேயே எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்ஆர்பி (ரயில்வே தேர்வு வாரியம்) டெக்னீஷியன் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கையும் இதே கேள்வியைக் கேட்கிறாள். அது கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால் எழுதி விளக்க அவளுக்கு இடமே இல்லை.


பேசின் பிரிட்ஜ் பெரியவர் எழுதியது:

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் எஸ் அண்ட் டி (சிக்னல், தொலைத்தொடர்பு) பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஆறு பிழைகளில் நீங்கள் விவரித்தவை நான்கு. அந்த நான்கில் இரண்டு பிழையே அல்ல என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் 180 மீட்டர். நம் பொது விதிகளின்படி, மல்டிபிள் ஆஸ்பெக்ட் சிக்னல் (மூன்றோ நான்கோ நிலைகளைக் காட்டுவது) உள்ள நிலையத்தில் வண்டியை உள்ளே எடுக்க ஸ்டார்ட்டருக்கு அப்பால் காலியாக இருக்க வேண்டிய போதிய தூரம் 120 மீட்டர். கை இறங்கும் பழைய டூ ஆஸ்பெக்ட் சிக்னலுக்கு அதுவே 180. நம் ஊரில் படித்த எவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். ஆனால் நீங்கள் எழுதப்போவது பிரித்தானிய நடைமுறையில் வேரூன்றிய தேர்வு. அங்கே கலர் லைட் சிக்னலுக்கு வழக்கமான முழு ஓவர்லேப் 180 மீட்டர். இருநூறு கஜம் என்று வைத்திருந்ததை மீட்டருக்கு மாற்றிய எண் அது. பயிற்சி வகுப்பினர் அந்தப் பாணியில் தாளைத் தயாரித்திருக்கிறார்கள். இது பிழையன்று, வேறு ஊர் வழக்கம். விடைத்தாளின் முதல் வரியிலேயே எந்த நாட்டு நடைமுறைப்படி எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டால், இந்த மாதிரியான சந்தேகங்களில் பாதி அங்கேயே முடிந்துவிடும். வினா தானே ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் எண்ணை அதன்மேல் திணிக்கக் கூடாது.

அடுத்து, 700 மீட்டர். 110 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறக்குறைய 30.6 மீட்டர். எதிர்முடுக்கம் 0.5 என்று கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், நிற்கத் தேவையான தூரம் சுமார் 934 மீட்டர் வரும். 700-க்குள் நிற்காது என்று நீங்கள் கண்டது சரி. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த வினாவையே கேட்டிருக்கிறார்கள்! மஞ்சளைப் பார்த்து அடுத்த சிவப்பில் நிற்க முடியாது, ஆகவே மூன்று ஆஸ்பெக்ட் போதாது; டபுள் யெல்லோவோடு நான்கு ஆஸ்பெக்ட் வைத்தால் டிரைவருக்கு 1,400 மீட்டர் முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. இந்த விடையை வாங்குவதற்காக வைத்த இடைவெளி அது. கிண்டியில்தானே வேலை பார்க்கிறீர்கள்? மாலையில் மேடையின் கடைசியில் நின்று, தாம்பரம் பக்கம் போகும் ஒரு வண்டியின் பின்னால் சிக்னல் எப்படிச் சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாக மாறுகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். கடற்கரை – தாம்பரம் ஆட்டோமேட்டிக் பகுதியில் வண்டிக்குப் பின்னால் வண்டி அவ்வளவு நெருக்கமாக ஓட முடிவது எதனால் என்பது புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரியும்.

எஸ்-15 என்பது எஸ்-5 அச்சில் ஒரு எண் கூடியது. அதற்கு ஒரு வரி எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

ஆக உண்மையான பிழை விடுபட்ட ஜாயின்ட் ஒன்றே. அதில் நீங்கள் செய்த தவறு என்னவென்றால், மெமோ கொடுக்காமல் வேலையைத் தொடங்கியது. பாயிண்ட் மெஷினின் மூடியைத் திறக்கும் முன் டி/351 படிவத்தில் டிஸ்கனெக்‌ஷன் எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஈஎஸ்எம் (சிக்னல் பராமரிப்பாளர்) கையை வைக்க வேண்டும் அல்லவா? வேலை சரியாகவே முடிந்திருந்தாலும், மெமோ இல்லாமல் திறந்தவன் குற்றவாளிதான். ஏனென்றால் பேனலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் யார்டில் என்ன மாறியிருக்கிறது என்பது தெரியாது. திருத்துபவரும் அந்தப் பேனலில் உட்கார்ந்திருப்பவர் போலத்தான். ஜாயின்ட்டை வரைந்தீர்கள், ஏன் வரைந்தீர்கள் என்று சொல்லவில்லை. அவர் "எங்கிருந்து வந்தது" என்று கேட்டதில் என்ன தப்பு?

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எஸ்-5க்கு அப்பால் 7டி, 9டி என இரண்டு பெயர்கள் உள்ளன, இடையே ஜாயின்ட் காட்டப்படவில்லை. வினாவில் தந்த ஓவர்லேப்பின்படி 180 மீட்டரில் ஜாயின்ட் இருப்பதாக எடுத்துக்கொண்டு, 7டி மட்டுமே ஓவர்லேப்பில் அடங்கும் என்று டேபிளை எழுதியுள்ளேன்." மூன்று வரி, இரண்டு நிமிடம். இப்படி எதை அனுமானிப்பது என்று இரண்டு வழி தெரிந்தால், எப்போதும் அதிகக் கட்டுப்பாடு உள்ள பக்கத்தையே எடுங்கள். சிக்னல் பழுதானால் சிவப்புக்குத்தான் போக வேண்டும்.


திருவொற்றியூர் வாசி எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். கடைசி இரண்டு வாக்கியங்களில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வைக்கும் உள் தேர்வுக்கு நான்தான் தாள் தயாரிக்கிறேன், நானே திருத்துகிறேன். ஆகவே மேசையின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது கேட்டவருக்குப் பயன்படும்.

தாளில் பிழை எப்படி நுழைகிறது தெரியுமா? யாரும் வரைபடத்தை வெற்றுத் தாளிலிருந்து வரைவதில்லை. பழைய நிலையம் ஒன்றின் எஸ்ஐபியை (சிக்னல் வரைபடம்) எடுத்து, பெயரை நீக்கி, ஒரு சைடிங்கை அழித்து, எண்களை மாற்றித்தான் வினாவாக்குகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அப்படி ஒரு சைடிங்கை அழித்தபோது, அதன் வாயிலில் இருந்த பிளாக் ஜாயின்ட்டின் குறியும் சேர்ந்து அழிந்துவிட்டது. டிராக்கின் பெயர் வேறு அடுக்கில் இருந்ததால் அது மட்டும் நின்றுவிட்டது. அச்சான தாளை இருமுறை படித்தேன், கண்ணில் படவில்லை. தான் வரைந்த படத்தில் ஜாயின்ட் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவளின் கண், அது இல்லாத இடத்திலும் அதைப் பார்த்துவிடுகிறது. உங்கள் தாளிலும் இதுபோன்ற ஒன்றுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அந்தத் தேர்வை எழுதியவர்கள் பதினொரு பேர். நால்வர் ஜாயின்ட் இல்லாததைக் கவனிக்கவே இல்லை. ஐவர் எதுவும் சொல்லாமல் தாங்களே ஒன்றை வரைந்திருந்தார்கள், அதுவும் மூன்று வெவ்வேறு இடங்களில். இருவர் மட்டும் பிழையைக் குறிப்பிட்டு, இன்னபடி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்கள். முதல் ஐந்தாறு விடைத்தாள்களைப் பார்த்தவுடனேயே தவறு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அந்த வரிசைக்கான மதிப்பெண் முறையை மாற்றி எழுதினேன். அப்படி மாற்றிய பிறகும் அந்த ஐவருக்கு என்ன போடுவது என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. சரியான இடத்தில் வரைந்தவர் ஓவர்லேப்பைக் கணக்கிட்டு வரைந்தாரா, கை போன போக்கில் கோடு போட்டாரா என்று தாளைப் பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எழுதிய இருவரில் ஒருவர் நான் எண்ணிய இடத்தில் ஜாயின்ட்டை வைக்கவில்லை. ஆனால் தான் வைத்த இடத்துக்கு ஏற்ப டேபிள் முழுவதையும் முரணின்றி எழுதியிருந்தார். அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன், தயங்காமல்.

இனி என் மாறுபாடு. அதிகக் கட்டுப்பாடு உள்ள பக்கத்தையே எடு என்பது யார்டில் வேத வாக்கு. விடைத்தாளில் அதை அப்படியே பின்பற்றினால் சில நேரம் வினாவே செத்துவிடும். இங்கே மிகவும் கட்டுப்பாடான அனுமானம் எது? ஜாயின்ட்டே இல்லை, 7டியும் 9டியும் ஒரே டிராக் என்பது. அப்படி எடுத்தால், அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டரில் (ஸ்டார்ட்டருக்கு அப்பால், நிலையத்தின் கடைசிச் சிக்னல்) ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும் வரை லூப்புக்கு இன்னொரு வண்டியை எடுக்கவே முடியாது. பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஆனால் அப்படி ஒரு நிலையத்தை யாரும் கட்டமாட்டார்கள். ஓவர்லேப்பின் எல்லை உங்களுக்குத் தெரியுமா என்று சோதிக்க வந்த வினாவுக்கு அதன்பின் வேலையே இல்லை. ஐயா தம் மாதிரி வாக்கியத்தில் 180 மீட்டரில் ஜாயின்ட் இருப்பதாக எடுத்துக்கொண்டதே அவர் சொன்ன விதிக்கு மாறானது என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். வினா எதைச் சோதிக்கிறது என்பதை முதலில் யூகித்து, அதை உயிரோடு வைத்திருக்கும் அனுமானங்களுக்குள் பாதுகாப்பானதை எடுக்க வேண்டும். ஜாயின்ட் 180 மீட்டரில் இருக்கலாம், அதற்கு அப்பாலும் இருக்கலாம், அதற்கு உள்ளே வரக் கூடாது. இந்த எல்லைக்குள் உங்கள் விருப்பம்.

பிழையா, இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கு நான் எங்கள் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்று உண்டு. வரைபடம் தனக்குத்தானே முரண்படுகிறதா, அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒன்றோடு முரண்படுகிறதா என்று பாருங்கள். இரண்டு பெயர், நடுவே எல்லை இல்லை என்பது முதல் வகை. எந்த நாட்டு விதியை எடுத்தாலும் அது பிழைதான். 120-க்குப் பதில் 180 என்பது இரண்டாம் வகை. அங்கே பெரும்பாலும் குறை நம்மிடம்தான் இருக்கும்.


ஆவடி ஈஎஸ்எம் எழுதியது:

தேர்வறையில் கண்காணிப்பாளரை அழைத்துச் சொல்வதைப் பற்றி யாரும் எழுதவில்லையே? கையைத் தூக்கி, "இந்தப் பக்கத்தில் பிழை இருக்கிறது" என்று சொன்னால், அவர் மேலிடத்தில் கேட்டு எல்லோருக்கும் அறிவிக்கலாம் அல்லவா? நாம் மூன்று வரி எழுதுவதைவிட அது நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது.

தங்கையின் ஆர்ஆர்பி தேர்வைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு. நான் அந்த வழியாகத்தான் வந்தேன். அங்கே அனுமானம் எழுத இடமில்லை என்பது உண்மை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வேறு கழியும். ஆனால் தேர்வு முடிந்தபின் விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாள்கள் தருவார்கள். ஒரு வினாவுக்கு 50 ரூபாயும் வங்கிக் கட்டணமும் கட்ட வேண்டும்; ஆட்சேபணை சரியென்று ஏற்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வரும். வினா எண்ணையும், நாம் அழுத்திய விடையையும் காட்டும் பக்கத்தை அன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி நாளில் தளம் திறக்காமல் என் நண்பர் ஒருவர் தவித்தார்.

ஆட்சேபணையில் "வினா தவறு" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "ஹோம் சிக்னலை எடுக்க (வண்டிக்கு வழிவிடும் நிலைக்கு மாற்ற) தேவையான போதிய தூரம் எவ்வளவு?" என்று கேட்டு, 120, 180, 400, 1000 என்று நான்கு விடை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வகைச் சிக்னல் என்று சொல்லாததால் 120, 180 இரண்டுமே சரி. அதோடு 180 என்பது மல்டிபிள் ஆஸ்பெக்ட்டுக்கு பிளாக் ஓவர்லேப்பும்கூட (முந்தைய நிலையத்திலிருந்து வண்டி கிளம்ப அனுமதி தருவதற்கு, முதல் நிறுத்தச் சிக்னலுக்கு அப்பால் காலியாக இருக்க வேண்டிய தூரம்). 400 டூ ஆஸ்பெக்ட்டுக்கு பிளாக் ஓவர்லேப். போதிய தூரத்துக்கு விதி 3.40, பிளாக் ஓவர்லேப்புக்கு விதி 8.01 என்று எண்ணைக் குறிப்பிட்டு, எந்தச் சொல் விடுபட்டதால் வினா இரண்டு விடை கொள்கிறது என்று எழுத வேண்டும். டிராக் சர்க்யூட்டில் குறைந்தபட்ச பேலஸ்ட் ரெசிஸ்டன்ஸ் (தண்டவாளங்களுக்கு இடையே ஜல்லி வழியாகக் கசியும் மின்சாரத்துக்கான தடை) கேட்பதும் இதே கதைதான். நிலைய யார்டுக்குக் கிலோமீட்டருக்கு 2 ஓம், பிளாக் செக்‌ஷனுக்கு 4 ஓம். எங்கே என்று சொல்லாமல் கேட்டால் என்ன செய்வது? அந்த நேரத்தில், இன்றைக்கு எங்கும் இருக்கும் நிலையை எடுத்துக்கொண்டு விடை அழுத்துவதுதான் என் வழக்கம். கலர் லைட் எங்கும் வந்துவிட்ட காலத்தில் 120 என்பதே நியாயமான ஊகம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. மொழிபெயர்ப்பில் வேறுபாடு வந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்பது விதி. நான் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் பாயிண்ட்டைப் "புள்ளி" என்று மொழிபெயர்த்திருந்தார்கள், "புள்ளியின் முனையில் 5 மி.மீ. தடை வைத்தால்" என்று படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவிட்ச் ரயிலுக்கும் (நகரும் தண்டவாளம்) ஸ்டாக் ரயிலுக்கும் (அசையாத தண்டவாளம்) நடுவே, முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி 5 மி.மீ. தகட்டை வைத்துப் பார்க்கும் சோதனையைத் தினமும் செய்கிறவனுக்கே புரியவில்லை என்றால் புதிதாகப் படிப்பவர் என்ன செய்வார்? வினா புரியாதபோது திரையில் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.


பேசின் பிரிட்ஜ் பெரியவர் எழுதியது:

திருவொற்றியூர் அம்மா சொன்னது சரி. என் மாதிரி வாக்கியமே என் விதியை மீறியது என்பதை நான் கவனிக்கவில்லை; பழக்க தோஷம். திருத்திக்கொள்கிறேன்.

ஆவடித் தம்பிக்கு: கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், தடுக்கவில்லை, சொன்ன நேரத்தையும் விடைத்தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஆனால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அறையில் நிற்பவருக்குச் சிக்னல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் தாளுக்குக் கேட்டுச் சொல்ல மேலிடமும் பக்கத்தில் இருக்காது. சொல்லிவிட்டு, மூன்று வரியையும் எழுதிவிட்டு, வேலையைத் தொடர வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

எழுதிவைப்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷனில் 35 பேர் இறந்த விபத்தைப் பற்றி உங்கள் தேர்வுக்கு எப்படியும் படிப்பீர்கள். புதிய வயரிங் போட்ட டெக்னீஷியன் பழைய கம்பியை ஒரு முனையில் கழற்றினார், ஆனால் வெட்டி ஒதுக்கவில்லை. அது திரும்பவும் பழைய இடத்தைத் தொட்டு, சிவப்பாக இருக்க வேண்டிய சிக்னலைச் சிவப்பாக விடவில்லை. வேறொருவர் கம்பிகளை எண்ணிச் சரிபார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். விசாரணை அறிக்கையைப் படிக்கும்போது கவனியுங்கள்: ஒருவர் தம் மனத்தில் வைத்திருந்ததை அடுத்தவர் அறிய வழியில்லாமல் போனது எத்தனை இடங்களில் வருகிறது என்று.


கிண்டி வரைமேசை எழுதியது:

ஐயா, அம்மா, ஆவடித் தோழர் மூவருக்கும் நன்றி. நேற்று அதே தாளைக் கடிகாரம் வைத்து மறுபடியும் எழுதினேன்.

நான் சொல்லாமல் விட்ட மற்ற இரண்டு "பிழைகளையும்" திருவொற்றியூர் அம்மா சொன்ன முறையில் பிரித்துப் பார்த்தேன். ஒன்று, வரைபடத்தில் ஃபவுலிங் மார்க் (இரண்டு பாதைகள் சேருமிடத்தில் வண்டி தாண்டி நிற்கக் கூடாத எல்லைக் குறி) காட்டவில்லை என்பது; அதை நான்தான் குறிக்க வேண்டும் என்று வினாவிலேயே இருக்கிறது, படிக்காமல் விட்டிருக்கிறேன். மற்றொன்று, 51-ஆம் பாயிண்ட்டின் நார்மல் நிலை (வழக்கமாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பது) எது என்று போடவில்லை என்பது. அது தாளில் உண்மையிலேயே இல்லை. மெயின் லைனுக்கு நார்மல் என்று ஓர் அனுமானம் எழுதினேன். ஆக, ஆறில் எஸ்-15 அச்சுப் பிழையையும் சேர்த்து மூன்றுதான் தாளுடையவை. நடைமுறை எது என்ற முதல் வரியையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுத ஏழு நிமிடம் ஆனது. மீதி எண்பத்து மூன்று நிமிடம் கைக்கு வந்தது. இருந்தும் கடைசி ரூட்டை முடிக்க முடியவில்லை, அதற்குத் தாளைக் குறை சொல்ல முடியாது.

ஜாயின்ட்டை 180-இல் வைக்காமல் 200 மீட்டரில் வைத்து, 7டி மட்டும் என்று எழுதியிருக்கிறேன். 53-ஆம் பாயிண்டும் 7டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த ரூட்டுக்கு 53 எந்தப் பக்கம் பூட்டப்பட வேண்டும் என்ற வரிசையில்தான் இப்போது சந்தேகம். லூப்பிலிருந்து மெயினுக்கு என்று ரிவர்ஸில் (நார்மலுக்கு எதிர்ப்பக்கம்) எழுதினேன். அது சரியென்றால், அதே நேரத்தில் மெயின் லைனில் இன்னொரு வண்டியை ஓடவிட முடியாதே?


பேசின் பிரிட்ஜ் பெரியவர் எழுதியது:

முடியாதுதான். ஓவர்லேப் மெயினின்மேல் விழுகிற வரை அந்த இரண்டு ரூட்டும் ஒன்றையொன்று தடுக்கத்தான் வேண்டும்; நம் நிலையங்களில் லூப்பின் முடிவில் சாண்ட் ஹம்ப் (நிற்காமல் வரும் வண்டியைத் தடுக்கும் மணல் மேடு) வைப்பதே இதற்காகத்தான். உங்கள் வரைபடத்தில் சாண்ட் ஹம்ப் இருக்கிறதா? 53-க்கு எதிர்ப்பக்கம் சிறிய முட்டு லைன் ஏதாவது வரைந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.